மலை சரியும் கணக்கு

பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு நடுவயதுப் பெண்ணும் கம்பஸில் படிக்கும் பிள்ளை ஒருத்தியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"லீவுக்குக்கூட வீட்டுக்கு வராம அங்க என்னம்மா செஞ்ச?"

"மலை சரியப்போறத முன்னாடியே சொல்றதுக்கு கம்ப்யூட்டரப் பழக்குறேன் அத்தை. பெய்யுற மழை, மண்ணுல ஊறுற தண்ணி எல்லாத்தையும் குடுத்தா, பிசிக்ஸ் கணக்க அதுவே போட்டுப் பார்க்கும்."

அதைக் கேட்டதும் நான் கையிலிருந்த போனை அணைத்துவிட்டேன்.

"நம்ம மலையையும் குடுத்தியா?"

"குடுத்தேன். ஒங்க மகாவ மண்ணு மூடுன அன்னிக்குப் பெய்ஞ்ச மழையையும் குடுத்தேன்."

"என்ன சொல்லிச்சு?"



"முந்தின நாள் மழையிலயே, மறுநாள் சரியும்னு சொல்லிச்சு அத்தை."

அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தாள்.

"எம்புள்ளைக்கு அன்னிக்குக் காய்ச்சல். இல்லாட்டி ஒன்னோட ஸ்கூலுக்குத்தான் வந்திருப்பா."

"தெரியும் அத்தை."

பஸ் நின்றது. எழுந்தவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத ஒங்க மாமாகிட்ட மட்டும் சொல்லிறாத. யாராலயும் முன்னாடி தெரிஞ்சிருக்க முடியாதுன்னு நெனச்சுத்தான் அவரு இத்தன வருசமா மனசத் தேத்திக்கிட்டு இருக்காரு."