யேசுரட்ணம் வாய் மூடியிருந்த நாள்

...இல்ல, நீங்களே சொல்லுங்கோ, இது ஞாயமோ? இவ்வளவு வருசமா எனக்குப் பக்கத்துக் கதிரையில இருந்த மனிசன், ஒரு சொல்லுச் சொல்லாமக் கந்தோர்க் கதவுத் திறப்ப மேசையில வச்சிட்டுத் தன்ர ஊர் மூதூருக்குப் போயிட்டார். இப்ப பாருங்கோ, ஒரு கொம்பனிக்கு மனேஜிங் டிரெக்டர், நான், மூதூருக்குப் போற இந்த லோஞ்சுப் படகில கோழிக்கூடையோட நெருங்கிக்கொண்டு அந்தாளைக் கூப்பிடப் போறன். கொஞ்சம் தள்ளி இருங்கோ... ஓம், காணும்.

என்னைத் தெரியாதோ? யேசுரட்ணம். திருகோணமலைத் துறைமுகத்தில கப்பலுக்குச் சாமான் குடுக்கிற கொம்பனி எண்டா ஆரும் காட்டுவினம். அரிசி, மா, மரக்கறி, முட்டை, எல்லாம் எங்கட போட்டிலதான் போகும். நான் சொல்லுறது என்ர உதவி மனேஜரை. கலீலுர் றஹ்மான். நீங்களும் மூதூரெண்டா தெரிஞ்சிருக்குமே... சரி சரி, பிறகு சொல்லுங்கோ, நான் கதைய முடிச்சிடுறன்.

இவ்வளவுக்கும் காரணம் அந்தக் கொழும்புப் புரபெசர்! கொம்பனித் தலைவர்மாருக்கெண்டு நுவரெலியாவில மூண்டு நாள் வகுப்பு வச்சவர். தன்னைத் தான் அறியிறதாம். எனக்கென்னத்துக்கு அது? என்னை எனக்குத் தெரியாதோ? பிறந்த நாளில இருந்து என்னோடதானே இருக்கிறன்! ஆனா றீற்றா, என்ர மனிசி, "போயிட்டு வாங்கோ, போயிட்டு வாங்கோ" எண்டு தானே பெட்டி அடுக்கித் தந்தாள். கம்பளிச் சட்டையும் இரவல் வாங்கி வச்சிருந்தாள். மூண்டே நாளெண்டதும், "ஒரு கிழமைக்கு வைக்க மாட்டினமோ?" எண்டு கேட்டாள். அவ்வளவு அக்கறை.

அங்க போனா, வட்டமா இருத்திப்போட்டு ஒவ்வொருத்தரும் தங்கட குறையொண்டச் சொல்லட்டாம். பெரிய தேயிலைக் கொம்பனித் தலைவர் ஒருத்தர், "எனக்குக் கோவம் கூட, என்ர மகன் என்னோட கதைக்கிறேல்ல" எண்டு சொல்லிக் கண்ணீர் விட்டார். எனக்கு வெக்கமாப் போச்சு. என்ர முறை வந்துது. நானும் ஒளிக்காமச் சொன்னன்: "நான் அளவுக்கு மிஞ்சின நல்லவன். அதுதான் என்ர குறை." பிறகு அத விளங்கப்படுத்தினன், சாப்பாட்டு மணி அடிக்கும்வரைக்கும். மிச்சப் பேருக்கு முறை வரேல்ல. அது என்ர பிழையோ?

கடைசி நாள் புரபெசர் என்னைத் தனியக் கூப்பிட்டார். "மிஸ்டர் யேசுரட்ணம், ஊருக்குப் போய் ஒரேயொரு நாள் கந்தோரில வாயத் திறக்காம இருந்து பாருங்கோ. மற்றவை சொல்லுறதக் கேளுங்கோ" எண்டார். வேற ஒருத்தருக்கும் அவர் இப்பிடிச் சொல்லேல்ல, எனக்கு மட்டுந்தான். என்னை விசேசமாக் கவனிச்சிருக்கிறார், என்ன?

சரி, செய்துதான் பாப்பமெண்டு, போன வியாழக்கிழமை கந்தோருக்குப் போய் உதட்டில விரல வச்சுக் காட்டிப்போட்டு இருந்தன். முதல்ல எல்லாரும் பயந்திட்டினம். தொண்டை நோவெண்டு நினைச்சு ரைப் அடிக்கிற பிள்ளை கொத்தமல்லி அவிச்சுக் கொண்டந்தாள். பிறகு... என்னத்தச் சொல்ல! ஆக்கள் சிரிக்கினம்! என்ர கந்தோரில! ரெலிபோன் அடிச்சா தாங்களே எடுத்து மறுமொழி சொல்லினம். கிறீக் கப்பலொண்டுக்குச் சாமான் போக வேணும். றஹ்மான் ஆக்களோட நிண்டு கதைச்சு, மத்தியானத்துக்குள்ள எல்லாம் துறைமுக ஜெற்றியில அடுக்கியாச்சு. ஒரு முட்டை உடையேல்ல. நான் இல்லாமலே இதெல்லாம் நடக்குமெண்டா... அப்ப இவ்வளவு காலமும் நான் என்ன செய்துகொண்டிருந்தனான்?

...இல்ல, அது சும்மா ஒரு நினைப்பு. வந்துது, போட்டுது.

பின்னேரம் காத்து எழும்பிச்சுது. றஹ்மான் ஓடி வாறார். "சேர், கப்பல்ல இருந்து..." எண்டு தொடங்கினார். அதுக்கு மேல என்னால ஏலேல்ல பாருங்கோ. காலமை தொட்டு அடக்கி வச்சதெல்லாம் வெளிக்கிட்டிட்டுது. "சாமான் ஏன் இன்னும் ஜெற்றியில கிடக்கு? இப்பவே கொண்டு போகச் சொல்லும்!" எண்டன். "இல்ல சேர், கப்டன்..." எண்டார். நான் மேசையில அடிச்சன். பிறகும் வாயெடுத்தார். பிறகும் அடிச்சன். தலையக் குனிஞ்சுகொண்டு போட்டார். சாமான ஏத்திக்கொண்டு போட்டும் வெளிக்கிட்டுது.

அதுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும், காத்து அடங்கட்டும், நாளைக்கு வாங்கோ எண்டு கப்டன் ஆள் விட்டிருந்தவனாம். கப்பல்ல ஏணியும் இறக்கேல்ல, கயிறு பிடிக்க ஆளுமில்ல. அலை போட்டத் தூக்கிக் கப்பலோட அடிச்சுது. மா மூடை, வெங்காயம், முட்டை, எல்லாம் கடலுக்குள்ள. சின்னராசா எண்டு எங்கட போட்டுக்காரன்... அவன்ர கை நடுவில அகப்பட்டுப் போச்சு. முழங்கைக்குக் கீழ எலும்பு நொறுங்கிட்டுது. ஆசுப்பத்திரிக்குப் போனனான். கட்டோட கிடந்தான். என்னைக் கண்டதும் எழும்பப் பாத்தான், மரியாதைக்கு. நான் ஒண்டும் கதைக்கேல்ல.

...ஆனா கேக்கிறன், றஹ்மான் அத எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதோ? வாயில்லையோ அந்தாளுக்கு? அண்டைக்கே திறப்ப வச்சிட்டுப் போட்டார். கத்திப்போட்டுப் போயிருந்தாலும் பறவாயில்ல.

றீற்றா சொல்லுறாள், "போய் மன்னிப்பு மட்டும் கேளுங்கோ, வேற ஒண்டும் சொல்லாதேங்கோ" எண்டு. கேக்கத்தான் போறன். எப்பிடிக் கேப்பனெண்டு... ஆ, மெசின் சத்தமும் நிண்டிட்டுது, இப்பதான் வடிவாக் கதைக்கலாம். என்ன, ஏன் எழும்புறீங்கள்? கால் விறைச்சிட்டுதோ? நிண்டுகொண்டும் கேக்கலாந்தானே. "றஹ்மான், என்ர பிழைதான்" எண்டு தொடங்குவன். அது ஒரு வசனம். பிறகு அவர்ர குணத்தையும் விளங்கப்படுத்த வேணுமெல்லோ? "நீர் ஒரு பயந்தாங்கொள்ளி, ஐசே! சின்னராசான்ர கைக்கு நீரும் மறுமொழி சொல்ல வேணும். என்னை விட்டா உமக்கு ஆர் வேலை தருவினம்? நான் நல்லவனா இருக்கிறபடியால தேடி வந்தனான்" எண்டு... சீ, என்ன இந்தச் சனம், மூட்டை முடிச்சோட இடிச்சுக்கொண்டு! மனிசர் கதைக்கேலாது. ஆ, இருந்திட்டீங்கள். நல்லது. மெசினும் திரும்பத் தொடங்கிட்டுது. எங்க விட்டனான்? ஓம், அவர்ர குணம். இன்னும் கிடக்கு, கேளுங்கோ. கப்பல்காரரோட பல்லுக் காட்டுவார், எனக்கு முன்னால மட்டும்...

நீங்கள்... முதல் தாடி இல்லாமலெல்லோ இருந்தனீங்கள்?

இப்பதான் ஏறினீங்களோ? எங்க? மூதூரிலயோ! அப்ப அந்தா தெரியிறது... திருகோணமலையோ? திரும்பிப் போறமோ நாங்கள்? ஓய்! ஆராவது மெசின்காரனுக்குச் சொல்லுங்கோ, திருப்பச் சொல்லுங்கோ! ஏலாதோ? இதுதான் கடைசி லோஞ்சோ?

என்ன, மூதூரில ஒருத்தர் என்னைத் தேடி வந்தவரோ? ஆர்? வெள்ளைத் தொப்பி போட்டவரோ? மெலிஞ்ச ஆளோ? றஹ்மான்! நான் வாறனெண்டு ஆரோ அறிவிச்சிருக்கினம். கூட்டிக்கொண்டு போக வந்தவரோ? லோஞ்சுக்குள்ளயும் கால் வச்சவரோ? எனக்குப் பின்னாலயோ நிண்டவர்? பிறகு?

திரும்பி இறங்கிப் போட்டாரோ.

ஒண்டும் சொல்லேல்லையோ? ஒண்டுமே?

...தம்பி, அவர் நிண்ட நேரம் நீங்களும் நிண்டனீங்கள்தானே. அந்த நேரம் நான் என்னத்தக் கதைச்சுக்கொண்டிருந்தனான்?

சொல்லுங்கோ. நான் கேக்கிறன்.