படுத்தபடி ஏற ஒரு லிப்ட்

அன்று மேடையில் நான் சொல்லாதது ஒன்றுண்டு: நான் அங்கே சொன்ன கதையில் வரும் பெண் என் அம்மா. "என் பேர மேடையில இழுக்காத புள்ள" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். 1978இல் அட்டனில் எங்கள் தேயிலைத் தோட்ட மக்கள் சங்கக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய நாள் அது. மற்றதெல்லாம் இப்படிச் சொன்னேன்:

அவைக்குத் தலைமை தாங்கும் மத்தியாஸ் ஐயா அவர்களே, இந்த மண்ணில் எனக்கு முன்பே வியர்த்த பெரியோர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு டிக்கோயாவிலிருந்து நடந்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

இந்த மலையைப் பச்சையாக்கியவர்கள் யார்? நாம். பாறையைப் பிளந்து பாதை போட்டவர்கள் யார்? நாம். இன்று கீழே மண்டபமும் புத்தகம் படிக்க வாசிகசாலையும், மேல்மாடியில் பிரசவ அறையும், ஏறிப்போக லிப்டுமாக நமக்கு நாமே கட்டுகிறோம். பெருமை வராமல் இருக்குமா?

ஆனால் ஒரு கேள்வி. லிப்ட் வரும் இடத்தில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு, கட்டடக் குழுவினர் ஆறு பேர் உள்ளே நின்று பார்த்தீர்கள். இடம் தாராளம் என்றீர்கள். நின்றீர்கள், சரி. ஒருவராவது படுத்துப் பார்த்தீர்களா?

பின்னால் யாரோ தலைவரையே படுக்கச் சொல்கிறார். வேண்டாம், வெள்ளை வேட்டி கெட்டுவிடும்.

ஒரு மழைநாள். மேல் லயத்து வரிசை வீடொன்றில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இரத்தம் நிற்கவில்லை. இரண்டு கம்புகளில் கம்பளியைக் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். இறக்கத்தில் முன்னே போகிறவர்கள் கம்பைத் தோளில் ஏற்றினார்கள். பின்னே வருகிறவர்கள் இடுப்புக்குத் தாழ்த்தினார்கள். படுத்திருப்பவர் உடம்பு சரியக் கூடாது. அதுதான் நம் தோட்டத்து நடை!

லொறி பிடித்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே லிப்டுக்குள் கம்பு நுழையவில்லை. உட்கார வைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். முன்கம்பைப் பிடித்திருந்த சோலைமலை அண்ணன் சொன்னார்:

"லயத்துல இருந்து படுக்க வச்சேதான் கொண்டாந்தோம். இங்க வந்து உட்கார வைக்க மாட்டோங்க."

படியேறினார்கள். முன்னவர்கள் முழங்காலால் ஏறினார்கள். பின்னவர்கள் கம்பைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். கம்பளி சரியவில்லை.

பிழைத்தாரா என்று கேட்கிறீர்களா, முன்வரிசை அம்மா? பிழைத்தார்.

நான்கு தோள்கள் செய்ததை நாம் கட்டும் லிப்ட் செய்யாதா? படுத்து வருகிறவர் படுத்தபடியே ஏறட்டும்! தூக்கி வருகிறவர் பக்கத்திலேயே நிற்கட்டும்! நம் கட்டடத்தில் எந்தத் தாயையும் யாரும் உட்காரச் சொல்ல வேண்டாம்!

இடத்துக்கு எங்கே போவது என்கிறார் தலைவர். வாசிகசாலைச் சுவரை உள்ளே தள்ளிக் கட்டுங்கள், ஐயா. அந்த வாசிகசாலை கேட்டு வருடக்கணக்காக உங்கள் வாசலில் நின்றவள் நான். நானே சொல்கிறேன்: தள்ளுங்கள்.

மழை இருட்டிக்கொண்டு வந்தும் எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும், சுமந்த தோள்களுக்கும் என் நன்றி. வணக்கம்.

குழு அன்றே சம்மதித்தது. லிப்ட் நீளமாக வந்தது. வாசிகசாலையில் ஒரு மேசைக்குத்தான் இடம் மிஞ்சியது. புத்தகங்களைப் படிக்கட்டின் கீழே அடுக்கினோம்.