தம்மாத்துண்டு டிஸ்க்

அண்ணி: ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடவா தம்பி?

தம்பி: ஐயோ, கையை எடுங்க அண்ணி! சுவிட்ச் பக்கமே போகாதீங்க.

அண்ணி: நாலு மணிக்கு அந்தக் கல்யாணப் பொண்ணு ஆல்பத்துக்குப் படம் பார்க்க வர்றா. உங்கண்ணன் வெளியூர்ல. ஸ்டுடியோ கம்ப்யூட்டர் மரம் மாதிரி நிக்குது...

தம்பி: நிக்கட்டும். சின்ன டிஸ்க் போனதும் தானா நின்னுச்சு பாருங்க, அதான் நல்லது.

அண்ணி: அந்தத் தம்மாத்துண்டா? படமெல்லாம் பெரிய டிஸ்க் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்குன்னு நீதானே சொன்ன?

தம்பி: இருக்கு. ஆனா எது ரெண்டுலயும் ஏறிடுச்சு, எது பாதில நிக்குதுன்னு குறிச்சு வைக்கிறது அந்தத் தம்மாத்துண்டு. குறிப்பு இல்லாம எழுதிக்கிட்டே போய், நடுவுல கரண்டும் போனா எந்த டிஸ்க்கை நம்பறது?

அண்ணி: அப்போ... ஒண்ணுல புதுசு, இன்னொண்ணுல பழசு இருக்குமோ?

தம்பி: ஏன் இவ்வளவு ஆசையா கேக்கறீங்க?

அண்ணி: ஆசையா? பயத்துல கேக்கறேன்!

தம்பி: பயம் வேண்டாம். குறிப்பை இப்போதைக்கு மெமரில வச்சுக்கச் சொல்லிட்டேன். ஒரு டிஸ்க்கைப் பார்த்து இன்னொண்ணை முழுசா மறுபடி எழுத விடப்போறேன். முடியற வரைக்கும்...

அண்ணி: நிறுத்து, நிறுத்து! பழசு எதுல இருக்குன்னு பாரு முதல்ல!

தம்பி: எதுலயும் இல்லை. நீங்க சேவ் பண்ணினதுமே ரெண்டுலயும் ஏறியாச்சு. அண்ணி... இந்தச் சின்ன டிஸ்க் கெட்டே போகலையே. ஒயர்லேர்ந்து கழண்டு கிடக்கு.

அண்ணி: எலி.

தம்பி: ஸ்க்ரூவைக் கழட்டி வரிசையா மேஜை மேல வச்சிருக்கு.

அண்ணி: ...கெட்டிக்கார எலி.

தம்பி: அண்ணி.

அண்ணி: சிரிச்சா அடிப்பேன். பொண்ணு கன்னத்துல ஒரு மச்சம். ஏதோ அழுக்குன்னு எண்ணூறு படத்துலயும் துடைச்சுட்டேன். காலைல போன் பண்றா: "என் மச்சம் அழகா விழுந்திருக்கா அக்கா?" கேமரா கார்டையும் அழிச்சாச்சு. அதான்... குறிப்பு எழுதறதைப் புடுங்கிட்டா ஏதாவது ஒண்ணுல பழசு தங்கும்னு...

தம்பி: அழாதீங்க. மச்சத்தோட எண்ணூறும் என் லேப்டாப்ல இருக்கு.

அண்ணி: கடவுளே! உன்கிட்ட எப்படி வந்துச்சு? ஸ்டுடியோ படம் வெளியே போகக் கூடாதுன்னு உங்கண்ணன் தலைபாடா அடிச்சுக்கறாரே?

தம்பி: அது... பொண்ணு பக்கத்துலயே ஒரு தோழி நிப்பாளே... எல்லாப் படமும் அனுப்பறேன்னு சொல்லித்தான், அண்ணி, அவ நம்பரே வாங்கினேன்.