சண்முகராஜாவின் கிணறு

சீனி போடாத பிளேன் டீ போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. பல்லேகமவில் குடிக்கும் டீயை விட மாத்தளை டீ எவ்வளவோ மேல்.

சண்முகராஜாவை எனக்குப் பிடிக்காது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையில்லை. வெள்ளைக்கார எஞ்சினியர்கள் ஊருக்குப் போனதும் அவர்களின் நாற்காலிகளுக்கு ஒன்றாக வந்தவர்கள் நாங்கள். பல்லேகம ஆற்றுக்குப் பாலம் என்றதும் இருவருமே வரைந்தோம். என் வரைபடத்தில் தூண்கள் ஆழமில்லாத சரளைப் படுகையில் நின்றன. "மாரி வெள்ளம் அந்தச் சரளைய அரிச்சிட்டுப் போயிடும், யாகூப்" என்றார் அவர். சரியாகத்தான் சொன்னார். கந்தோரில் வேலை செய்த எல்லோருமே தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவர் வரைந்தது கிணற்று அத்திவாரம். ஆற்று மணலில் அடியில்லாத கொங்கிறீட் கிணறு ஒன்றை நிறுத்தி, உள்ளேயிருந்து மணலை அள்ள அள்ள, அது தன் பாரத்தாலேயே இறங்கும். பாறையில் உட்கார்ந்ததும் அடியை அடைத்துவிட்டு, மேலே தூணை எழுப்பலாம். அந்தக் கிணற்றை இறக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். "சண்முகராஜா சேர்ட பாலத்துலயா நீங்க வேல செய்றீங்க?" என்று என் மனைவி ஸரீனா கூடக் கேட்டாள். அன்று சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன்.

கிணற்றின் விளிம்பு சுற்றிலும் பாறையில் பதியும்வரை உள்ளே நிற்கும் தண்ணீரை இறைக்கக் கூடாது. இறைத்தால் ஆற்றின் அழுத்தம் அடிவழியாக மணலை உள்ளே தள்ளிவிடும். சுழியோடி அழகுமுத்து முங்கிப் பார்த்துவிட்டு வந்து, "ஆத்துப் பக்கம் பாறை இல்லீங்க சேர், வெறும் மணலு. தண்ணிய எறைச்சிடாதீங்க" என்றான். நல்ல வேலைக்காரன். அவனை டீசல் வாங்க நாலந்தா டவுனுக்கு அனுப்பினேன்.

சண்முகராஜா வந்து கேட்டபோது, சுற்றிலும் பாறைதான் என்றேன். அவர் வேலையில் அதுவரை சில்லறைக் குறை மட்டுமே சொல்லி வந்தவன் நான். அதனால் நான் சரியென்றதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மறுபேச்சில்லாமல் நம்பினார். பம்பை ஓடவிட்டேன். தண்ணீர் வற்றியது. அடிமண் கொஞ்ச நேரம் தாங்கும் என்பது எனக்குத் தெரியும்.

அடியை அடைக்குமுன் பாறையைத் தன் கையால் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். "நீங்களும் வாங்க யாகூப், இது நம்ம ரெண்டு பேரோட கிணறு" என்று கூப்பிட்டார். பம்பைப் பார்க்க ஆள் வேண்டும் என்று மேலே நின்றுகொண்டேன். ஏணியைப் பிடிக்க இருளாண்டி என்ற கூலியாளும் கூட இறங்கினான். அதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டாமென்று தடுத்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

மணல் பொங்கி, ஏணியோடு இருவரையும் விழுங்கத் தொடங்கியதும் அவர் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். கயிறு என் காலடியில் கிடந்தது. நான் குனியவில்லை.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. பிழை தேடி அவர் வரைபடத்தை எத்தனையோ தடவை பார்த்தேன். ஒரேயொரு பிழை கிடைத்திருந்தால், அவரைச் சாகவிட்டிருக்க மாட்டேன்.