எட்டாம் இடத்து மாமனார்

வரிசையில் இடையில் புகுபவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. பேருந்து நிறுத்தத்தில் அவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

கண் மருத்துவமனையில் எனக்குக் கணினி நிரல் எழுதும் வேலை. அங்கே வாரம் பத்துப் பேருக்குத்தான் இலவச அறுவை சிகிச்சை. பட்டியல் வாரா வாரம் புதிதாகத் தயாராகும்; போன வாரம் விடுபட்டவருக்கு முன்னுரிமை கிடையாது. கடைசி நேரத்தில் டாக்டர் ஒரு சீட்டு அனுப்புவார்: அவசரம், இவரை இரண்டாம் இடத்தில் போடு, இன்னொருவரை ஆறாம் இடத்தில் போடு. அதற்கான நிரல் நான் எழுதியது. முன்னாலிருந்து செருகிக்கொண்டே போனால், முதல் ஆள் நுழைந்ததுமே பின்னால் இருக்கும் எல்லாரும் ஓரிடம் தள்ளிப்போவார்கள். அடுத்தவருக்கு நாம் குறித்துவைத்த இடம் தப்பாகிவிடும். ஆகவே கடைசி இடத்தில் தொடங்கி முன்னோக்கி வர வேண்டும். பலருக்கு இது தெரியாது.

என் மாமனாருக்கு முன்பெல்லாம் பார்வை மிக நன்றாக இருந்தது. அதுதான் தொல்லை. பத்து வருடம் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தே கொன்றார். "இந்தச் சட்டையோடவா ஆபீஸ் போறீங்க?" என்பார். "பொண்ணு பாக்க வந்தப்ப இந்த வழுக்கைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்பார், விருந்தாளிகள் முன்னாலேயே.

பிறகு கண் மங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். காலையில் நான்தான் அவருக்குப் பேப்பர் படிப்பேன். செய்திகளுக்கு நடுவில் என் சரக்கையும் ஒன்றிரண்டு செருகுவேன். நிரல் எழுதுபவர்களை அரசாங்கம் கௌரவிக்கப் போகிறது என்று ஒரு நாள் படித்தேன். "அப்படியா மாப்ள, உங்க வேலை அவ்வளவு பெருசா?" என்று அசந்துபோனார். என் மனைவி கதவோரம் நின்று என்னைப் பெருமையாகப் பார்த்தாள். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

அந்த வாரம் பட்டியலில் அவர் பெயர் எட்டாம் இடத்தில் வந்தது.

நான் மூன்று பேரை உண்டாக்கினேன். ஒரு கண்டக்டர், ஒரு தையல்காரர், ஒரு டீச்சரம்மா. தையல்காரருக்கு வலது கண்ணில் புரை. எனக்கே அவர்மேல் இரக்கமாக இருந்தது. ஐந்தாம் ஆளுக்கு முன்னால் ஒருவர், ஆறாம் ஆளுக்கு முன்னால் ஒருவர், ஏழாம் ஆளுக்கு முன்னால் ஒருவர் என்று நிஜ மனிதர்களுக்கு நடுவே உட்கார வைத்தேன். மாமனார் பதினொன்றுக்குப் போய்விட்டார். ஒன்பதாம் ஆளும் பத்தாம் ஆளும்கூடத் தள்ளிப்போனார்கள். அவர்களோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. வராதவர் இடத்தில் வேறு யாரையும் ஏற்ற முடியாது. அறுவைக்கு முந்தின நாளே கண்ணுக்கு மருந்து விட்டிருக்க வேண்டும்.

இப்படிப் பதினான்கு வாரம். மூன்று மாதத்துக்குள் அறுவை நடக்காவிட்டால் நரம்பு செத்துவிடும் என்று டாக்டர் கோப்பில் எழுதியிருந்ததைப் படித்தேன். பன்னிரண்டாம் வாரத்தோடு நிறுத்திவிடத்தான் நினைத்தேன். அன்றைக்குப் பார்த்து அவர் என் தலையைத் தடவி, "நீ எனக்கு மகன்டா" என்றார். வழுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனிதன் எப்படி நிறுத்துவான், சொல்லுங்கள்.

போன வாரம் பேப்பர் படித்ததில் நேரமாகிவிட்டது. டாக்டரின் சீட்டை ஏற்கெனவே நிரலில் ஏற்றி ஓட்டிவிட்டார்கள். என் ஆட்களை அவசரமாகக் கையாலேயே செருகினேன், முன்னாலிருந்து. ஐந்து, ஆறு, ஏழு. மூவரும் அடுத்தடுத்து உட்கார்ந்துவிட்டார்கள். நர்ஸ் வரிசையாக மூன்று பெயர் கூப்பிட்டாள், ஒருவரும் எழவில்லை. ஒருவர் வராவிட்டால் யாரும் கவலைப்படுவதில்லை. மூன்று பேர் சேர்ந்தாற்போல வராததும் சந்தேகப்பட்டு, பட்டியலில் இருந்த அவர்களுடைய போன் எண்களை அழைத்தாள். என் சட்டைப்பையில் மூன்று முறை மணி அடித்தது.

இனி அறுவை செய்தும் பயனில்லையாம், நேற்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆம், நான்தான் செய்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

புகாரில் மாமனார் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்களே, அவர் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறார். என்ன நடந்தது என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. தாளை என்னிடம் கொடுங்கள், ஐயா. நானே அவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கித் தருகிறேன். வேறு யார் படித்தாலும் அவர் நம்ப மாட்டார்.