கேட்டில் நிற்காத டயர்

— கேளுங்க சீலன் தம்பி, மூணாவது தடவையா கேக்குறேன். நீங்க சைக்கிள் ஓட்டுறதுல தார் ரோடு எவ்வளவு, கல்லு ரோடு எவ்வளவு? அதைச் சொல்லாம டயரைக் காட்டு, டயரைக் காட்டுன்னா நான் என்னத்த காட்டுறது?

— கடையில இருக்குறதுலயே தடியானதாப் போடுங்க ரஜியா அக்கா. முள்ளு குத்தக்கூடாது, காத்து இறங்கக்கூடாது. அவ்வளவுதான்.

— தடியானதைப் போட்டா தார் ரோட்டுல ஈரக் கைலியைக் கட்டிக்கிட்டு ஓடுற மாதிரி இருக்கும். உங்க ஆபீஸ் கூட்டமெல்லாம் முன்னால போயிரும். நீங்க மட்டும் மூச்சு வாங்கிக்கிட்டு பின்னால வருவீங்க.

— பின்னால வந்தா பரவால்ல. நிக்கக்கூடாது.

— வர்ற ஞாயித்துக்கிழமை எந்த வழி?

— போன வாரம் போன அதே வழிதான். மந்தின் டவுன்ல எல்லாரும் சேர்ந்து, லாபு ஊருக்குப் போயி, செம்பனைத் தோட்டத்துக்குள்ள நுழைஞ்சு அந்தப் பக்கமா வெளிய வர்றது. பாதி தாரு, பாதி செம்மண்ணும் கல்லும்.

— இதை முன்னாலேயே சொல்றதுக்கென்னலா. பாதிக்குப் பாதின்னா நாப்பது மில்லி அகலம் போதும். இந்தா பாருங்க, நடுவுல வழுவழுன்னு இருக்கு, ரெண்டு ஓரத்துலயும் கட்டை கட்டையா இருக்கு. தாருல நடு ஓடும், கல்லுல ஓரம் புடிக்கும். உள்ள டியூப் கிடையாது. அதுக்குப் பதிலா இந்தப் பாலை ஊத்தி விட்ருவேன். முள்ளு குத்துனா பாலே போயி ஓட்டையை அடைச்சுக்கும். குத்துனதே உங்களுக்குத் தெரியாது.

— இறங்கி நிக்க வேண்டியதில்ல?

— வேண்டியதில்ல. இந்தாங்க, மோந்து பாருங்க. வர்றவங்கெல்லாம் மூக்கைப் பொத்துவாங்க.

— அமோனியா போட்ட ரப்பர் பாலு. மங்கு கழுவுறப்ப வர்ற அதே வாடை. கையில பட்டா சோறு திங்கிறப்பகூட அடிக்கும்.

— மங்கா? ரப்பர் மரத்துல கட்டிப் பாலு புடிக்கிற மங்கைச் சொல்றீங்களா? செரம்பான் டவுன்லயே பொறந்து வளர்ந்த ஆளுன்னு சொன்னீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?

— யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன். அக்கா, இந்தப் பாலு எவ்வளவு பெரிய ஓட்டையை அடைக்கும்?

— செம்பனை மட்டை முள்ளு, சின்ன ஆணி, இதெல்லாம் அடைக்கும். கூர்க்கல்லு டயரோட பக்கத்தைக் கிழிச்சா அடைக்காது. அப்ப இறங்கி, பாலைத் துடைச்சுட்டு உள்ள டியூபைப் போட்டுத்தான் ஆகணும். அதனால டியூப் ஒண்ணு எப்பவும் பையில இருக்கட்டும்.

— அப்ப இதுலயும் நிக்க வேண்டி வரும்.

— எப்பவாவது ஒரு நாளு. நிக்கிறதுக்கு ஏன் தம்பி இவ்வளவு பயப்படுறீங்க? போன வாரம் பஞ்சர் எந்த எடத்துல ஆச்சு?

— தோட்டத்து கேட்டுல. சரியா காவலுக்கு நிக்கிற ஜாகா கொட்டாய்க்கு முன்னால.

— அட, நல்ல எடமாச்சே அது. அங்க ஜாகா நிக்கிறது தங்கராஜு அங்கிள்தானே? அவரு சைக்கிளுக்கு நான்தான் பிரேக் கட்டை மாத்திக் குடுப்பேன். வியாழக்கிழமைகூட இங்க வந்திருந்தாரு. பஞ்சர் ஆகுறதா இருந்தா அவரு கொட்டாய் வாசல்லதான் ஆகணும். உங்களுக்கு உதவி செய்யலையா?

— செஞ்சாரு. நாங்க கூப்பிடவே இல்ல. அவரே பம்பைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரு. என்னோடது ஒல்லி வால்வு, அவரு பம்பு அதுல நுழையல. அமுத்தி அமுத்திப் பார்த்தாரு. எங்க டிபார்ட்மெண்ட் ஹெட்டு லிம், அவருதான் இந்த ஞாயித்துக்கிழமை ரைடையே ஆரம்பிச்சவரு, 'அங்கிள், இது கப்சாய் மோட்டார் பைக்கு இல்ல'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

— நீங்க?

— நானும்தான்.

— சரி விடுங்க, அவரு அதையெல்லாம் மனசுல வச்சுக்கிற ஆளு இல்ல. இந்தத் தடவை போறப்ப நின்னு, நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. மனுசனுக்குப் பேசுறதுக்கு ஆளு கிடைச்சாப் போதும். பேச்சுக்குப் பேச்சு மகனைப் பத்தித்தான். செரம்பான்ல பெரிய ஆபீஸ்ல இருக்கான், வேலை அப்படி, தீபாவளிக்குத்தான் வர முடியுதும்பாரு.

— அந்த மகன் பேரை எப்பவாவது சொல்லியிருக்காரா அக்கா?

— பேரா? இல்லியே. எங்க தம்பி, எங்க தம்பின்னுதான் சொல்வாரு. ஏன் கேக்குறீங்க? ஏன் தம்பி உங்க மூஞ்சி இப்படிப் போவுது?

— சத்தியசீலன், தங்கராஜு மகன். என் ஐசி அடையாளக் கார்டுல அப்படித்தான் போட்டிருக்கு.

— யா அல்லா.

— முழுசாச் சொல்லிர்றேன் அக்கா. நான் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தேன். அவருக்கு அடையாளம் தெரியல. என்கிட்ட இந்த சைக்கிள் இருக்குன்னே அவருக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டேன். அந்த நேரம் பார்த்து லிம்முக்குத் தண்ணி வேணும். 'சீலன், நீ தமிழ்ல கேளு'ன்னுட்டாரு. ஆனா எங்கப்பா தோட்டத்துல பெரிய கிராணியா, ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவருன்னு ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்கேன்.

— என்னன்னு கேட்டீங்க?

— 'அண்ணே, குடிக்கத் தண்ணி கிடைக்குமா'ன்னு கேட்டேன்.

— பெத்த தகப்பனை.

— ஆமா. என் குரலைக் கேட்டதும், வால்வை அமுத்திக்கிட்டிருந்த கை அப்படியே நின்னுருச்சு. அவரு நிமிரல அக்கா. கீழ பார்த்துக்கிட்டே 'இருக்கு சார், கொண்டாரேன்'னாரு. எல்லார் பாட்டிலையும் வாங்கி ரொப்பிக் குடுத்தாரு. என் பாட்டிலைக் கடைசியாக் குடுத்தாரு. அப்ப நான் 'தேங்க்ஸ் அண்ணே'ன்னு இன்னொரு தடவையும் சொன்னேன். அதை யாரும் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொன்னேன்.

— அதுக்கப்புறம் அவரோட பேசுனீங்களா?

— புதன்கிழமை அவரே ஃபோன் பண்ணாரு. சாப்ட்டியாப்பான்னாரு. அங்க மழையான்னாரு. நடந்ததைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நாலு வார்த்தை ஏசியிருந்தாக்கூட தாங்கிக்கிட்டிருப்பேன். வெக்கமா இருக்குக்கா. பல்லு விளக்குறப்ப கண்ணாடியில என் மூஞ்சியை என்னாலயே பார்க்க முடியல.

— அப்படியிருந்தும் அதே வழியில போறீங்க.

— வேற வழி போவோம்னு லிம்கிட்ட சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அந்தத் தோட்டம் ரொம்பப் புடிச்சுப் போச்சு. நான் வரலைன்னா ஏன்னு கேப்பாரு. அதான் டியூப்லெஸ் போட்டுக்கிட்டா, கேட்டுக்குப் பக்கத்துல இருக்குற சந்து வழியா நிக்காமத் தாண்டிரலாம்னு பார்த்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓட்டிட்டா முடிஞ்சுரும்ல.

— என் கடைக்கு எத்தனையோ பேரு டயர் வாங்க வந்திருக்காங்க. அப்பாவைத் தாண்டிப் போறதுக்குன்னு வந்தது நீங்க ஒருத்தருதான்.

— திட்டுங்க அக்கா. திட்டுவீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.

— நான் ஏன் திட்டணும்? எனக்கு யாவாரம். டயரை மாட்டவா, வேணாமா?

— மாட்டுங்க.

— சரி. அந்தச் சக்கரத்தை இப்படிக் குடுங்க.

— என்னக்கா, ரப்பர் பாலு பாட்டிலைத் திறந்துட்டு ஊத்தாம நிக்கிறீங்க?

— வியாழக்கிழமை உங்கப்பா எதுக்கு வந்தாருன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது.

— எதுக்கு வந்தாரு?

— இந்தா, இந்தப் பித்தளை மூடியை வாங்க வந்தாரு. ஒல்லி வால்வுல இதைத் திருகிட்டா சாதாரண பம்பு நுழைஞ்சுரும். உங்க சைக்கிளு தடி வால்வாச்சே அங்கிள், உங்களுக்கு இது எதுக்குன்னு கேட்டேன். 'ஆபீஸ் பசங்க ஞாயித்துக்கிழமை வருவாங்கம்மா, போன வாரம் அவங்களுக்குக் காத்தடிச்சுக் குடுக்க முடியாமப் போச்சு'ன்னாரு. இங்க குந்திக்கிட்டு, திருகுறதும் கழட்டுறதுமா ரொம்ப நேரம் செஞ்சு பார்த்தாரு.

— செஞ்சு பார்த்தாரா?

— ஆமா. விரலு தடியா இருக்கு, புடிபட மாட்டேங்குதுன்னு சிரிச்சாரு.

— அக்கா, அந்த டயரை எடுத்து உள்ள வைங்க. என் பழைய டயரையும் டியூபையுமே மாட்டிக் குடுங்க. நான் நிக்கிறேன். பஞ்சர் ஆகலைன்னாலும் அந்த கேட்டுல இறங்கி நிக்கிறேன். லிம் இருந்தா இருக்கட்டும். இவருதான் எங்கப்பான்னு எல்லார் முன்னாலயும் சொல்றேன்.

— கேளுங்க தம்பி, நான் இன்னும் சொல்லி முடிக்கல. கூட வேலை செய்யிற நேப்பாளி ஒருத்தனையும் கூட்டிக்கிட்டு வந்திருந்தாரு. இவனுக்கும் திருகக் காட்டிக் குடும்மான்னாரு. அதான் நீங்க இருக்கீங்களே, இவனுக்கு எதுக்குன்னு கேட்டேன். 'இனிமே ஞாயித்துக்கிழமையில நான் கேட்டுல நிக்கலம்மா, பின்னால இருக்குற ஸ்டோருக்குக் காவலை மாத்தித் தரச் சொல்லி வாங்கிக்கிட்டேன். வர்ற கூட்டத்துல ஒரு பையன் இருக்கான், என்னைப் பார்த்தா அவனுக்குச் சங்கடமா இருக்கு'ன்னாரு.