கரைவதற்கு முன் வந்த பதில்

பிள்ளைகளே, செவ்வாய்க்கிழமை வேப்பூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நஸ்ரின் என்ற பெண்ணின் மடியில் ரெக்கார்டு நோட்டு இருந்தது. அவள்தான் முதலில் பேசினாள்.

“நான் தண்ணியில போடவே இல்லடி. அதுக்குள்ள ‘கரைஞ்சிடுச்சு டீச்சர்’னு பசங்க கத்திட்டாங்க.”

“எதை?”

“சுடாத அகல் விளக்கை. அது கரையும், சுட்டது கரையாதுன்னு காட்டற பாடம். காலேஜ் மேடம் பாக்க வராங்கன்னு மூணு நாளா பசங்கள வச்சு அதையே ஒத்திகை பாத்தேன்ல.”

“மேடம் என்ன சொன்னாங்க?”

“பசங்க ரொம்ப வெவரம்னாங்க.”

“அப்புறம் என்ன? ‘மாணவர்கள் ஆர்வமாகப் பங்கேற்றனர்’னு எழுதிடு.”

“எழுதிட்டு அடிச்சிட்டேன். மேடம் போனதும் ஒரு பொண்ணு எழுந்து, ‘சுட்டது ஏன் டீச்சர் கரையல, இன்னிக்காவது சொல்லுவீங்களா’ன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“பெல் அடிச்சிடுச்சுன்னேன்.”

“அடிச்சிதா?”

“இல்ல.”

தோழி நோட்டை வாங்கிப் பார்த்தாள். “ஒத்திகை பாத்தது, பெல்லுன்னு பொய் சொன்னது எல்லாத்தையுமா எழுதி வச்சிருக்க? மார்க்கு போயிடும், லூசு.”

“போவட்டும். நாளைக்கு அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லணும்.”

“உனக்குத் தெரியுமா?”

“இனிமேதான் படிக்கணும்.”

நம் வீட்டுக்கு யாராவது வந்தால் நீங்கள் ஒப்பிப்பதற்காக, கேள்வி பதில்களை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். அந்தத் தாளைக் காணோம் என்று தேடினீர்கள். நீங்கள் டியூஷனுக்குப் போயிருந்தபோது நான்தான் உரித்தெடுத்தேன். பசை ஒட்டியிருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தும் விட்டேன்.